வெறும் வட்டத்துக்கு வைத்த பொட்டு

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவள். சூரிய ஆராய்ச்சிக்காரர்களுக்கென்றே மாதாமாதம் ஒரு செய்தி மடல் வருகிறதாம். எந்த ஊரில் கூட்டம், எங்கே புதுக் கருவி, எங்கே வேலை காலி என்று எல்லாம் அதில் இருக்குமாம். அதைப் பார்த்துத்தான் எழுதிப் போடுகிறாள். நன்னடத்தைக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் கையெழுத்து வேண்டும். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க தாத்தா, சும்மா கையெழுத்துப் போட்டாப் போதுங்க" என்றாள். போட்டுக் கொடுத்தேன். புரியாதாமே! எண்ணெய் மில்காரனுக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பாள். அவள் மேல் குற்றமில்லை, நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் அந்தப் படிவத்தில் அவள் மசி பேனாவால் எழுதியிருந்தாள், வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனை வந்தால் எனக்கு உடனே நாச்சிமுத்து மாஸ்டர் ஞாபகம்தான்.

முப்பதுகளின் ஆரம்பம். கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சயன்ஸ் வாத்தியார், அவர் டிராயிங் மாஸ்டர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் பி.ஏ.வில் பௌதிகம் படித்துவிட்டு நிறையத் திமிரோடு வந்திருந்தேன். சம்பளம் அந்தத் திமிருக்குப் போதவில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு, மூக்குக்கண்ணாடிக் கடை ராவுத்தர். ஊருக்குக் கப்பலேறிப் போன ஏதோ எஸ்டேட் துரையிடமிருந்து ஒரு பித்தளைத் தொலைநோக்கியை வாங்கிக் கடை மொட்டைமாடியில் வைத்திருந்தார். விற்கவும் மனசில்லை, பார்க்கவும் தெரியவில்லை. நாங்கள் தினம் காலையில் கடை திறப்பதற்கு முன் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்.

உலகத்தில் சூரிய ஆராய்ச்சிக் கூட்டம் என்று ஒன்று இருந்ததென்றால், அதன் கோயமுத்தூர்க் கிளை நாங்கள் மூன்று பேர்தான். மலைமேல் சூரியனைப் பார்ப்பதற்கென்றே ஒரு நிலையம் இருந்தது. அங்கிருந்து எனக்கு அவ்வப்போது ஒரு சுற்றறிக்கை தபாலில் வரும். நான் மொட்டைமாடியில் அதை உரக்கப் படித்துத் தமிழில் சொல்வேன். சீமையில் ஒருவர் புதுக் கருவி செய்திருக்கிறார் என்றால் ராவுத்தர் அதில் எத்தனை கண்ணாடி என்று கேட்பார். மாஸ்டர் அதற்கு என்ன வர்ணம் அடித்திருக்கிறார்கள் என்று கேட்பார்.

அப்படி ஒரு சுற்றறிக்கையில்தான் அந்த அறிவிப்பு வந்தது. உதவியாளர் வேலை ஒன்று காலி. விண்ணப்பிப்பவர் தொடர்ந்து முப்பது நாள் சூரியனைப் பார்த்து, அதிலுள்ள கரும்புள்ளிகளைத் தாமே வரைந்து அனுப்ப வேண்டும்.

எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. காரணம் இருந்தது. காங்கேயத்தில் எங்கள் அப்பா ஒரு எண்ணெய் மில் வைத்திருந்தார். சித்திரைக்குள் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு மில்லுக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட கெடு. இந்த வேலையைப் பற்றிச் சொன்னபோது, "பொழுதப் பாக்கறதுக்கு ஒருத்தன் சம்பளம் குடுப்பானா? நம்ம ஊட்டு வாசல்ல நின்னாச் சும்மாவே தெரியுமே" என்றார். எனக்கோ, கிடைத்தால் மலை, கிடைக்காவிட்டால் புண்ணாக்கு.

சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும், தெரியுமல்லவா? தொலைநோக்கியில் கண் வைக்கும் பக்கத்துக்குப் பின்னால் ஒரு பலகையில் வெள்ளைத் தாளைக் குத்திவைத்தால் சூரியன் வட்டமாக அதில் வந்து விழும். அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, புள்ளி இருக்குமிடத்தில் புள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதில் என் துரதிர்ஷ்டம் என்னவென்றால், சூரியனில் புள்ளிகள் சில வருஷம் பெருகும், சில வருஷம் அடியோடு வற்றிவிடும். நான் உத்தியோகத்துக்கு எழுதிப் போட்ட வருஷம் வறட்சி வருஷம். பஞ்சத்தில் பெண் பார்க்கப் போனவன் கதைதான். முப்பது நாளில் நாலைந்து நாள் மேகம். நாலைந்து நாள் ஏதோ கடுகத்தனை புள்ளி. மீதியெல்லாம் வெறும் வட்டம்.

வெறும் வட்டமாக இருப்பதும் ஒரு செய்திதான், அதை அப்படியே எழுதி அனுப்புவதுதான் சாஸ்திரம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததை மாஸ்டருக்கு ஒரு வார்த்தை சொல்லத்தான் தெரியவில்லை.

நான் போட்ட வட்டங்கள் களி உருண்டை மாதிரி இருந்தன. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் நல்ல தாளில் மசியால் சுத்தமாக எடுத்துத் தருகிறேன் என்றார். 'தாமே வரைந்து' என்று அறிவிப்பில் இருந்தது எனக்கு மறக்கவில்லை, ஆனாலும் சரியென்றேன். புள்ளி என்னுடையதுதானே, கோடு யாருடையதாக இருந்தால் என்ன என்று ஒரு சமாதானம். அந்தச் சமயம் பார்த்து ஊரில் ஒரு கல்யாணம் வந்தது, நான் காங்கேயம் போய்விட்டேன். மாஸ்டரே எழுதி முடித்து, உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பெரிய தபாலாபீசில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவ்வளவு மரியாதையான கடிதத்தை அதற்கப்புறம் நான் வாங்கினதில்லை. தங்கள் ஊர்ச் சூரியனில் எங்கள் சூரியனைவிடப் புள்ளிகள் கூடுதலாகத் தென்படுகின்றன, ஒன்பது நாட்கள் இவ்விதம் உள்ளது, ஆகையால் தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: மேகமூட்டமான நாட்களின் படங்கள், குறிப்பாக அதிலுள்ள பறவைகள், மிகவும் நேர்த்தி.

பறவையா! என் பென்சில் தாள்களை எடுத்துப் பார்த்தேன். 'மேகம்' என்று எழுதியிருந்தேனே தவிர ஒரு ஈ, காக்காய் கிடையாது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே டிராயிங் வகுப்புக்குப் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன். மாஸ்டர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

"ஏனுங் தம்பி, உங்ககிட்டச் சொல்ல மறந்தே போச்சுங்க. பாதி நாளு வட்டம் வெறுமையா இருந்துச்சுங்களா, பொட்டில்லாத மொகமாட்டப் பாக்கவே சங்கட்டமாப் போச்சு. வேல கேட்டு எழுதறப்ப அப்பிடி மூளியா அனுப்புனா நல்லாருக்காதுங்களேன்னு அங்கொண்ணும் இங்கொண்ணுமா நானே வெச்சுப்போட்டனுங்க. பதில் ஏதும் வந்துதுங்களா?"

என்ன சொல்வது, சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் திட்டுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும். அதைப் போட்டு முடிப்பதற்குள் கோபத்தில் பாதி இறங்கிவிடும். மீதிப் பாதி அவர் விரலில் ஒட்டியிருந்த மசியைப் பார்த்ததும் போய்விட்டது. எனக்காகத்தானே உட்கார்ந்து எழுதினார் மனிதர். எம்.ஏ. படித்தவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்களாம், ஆனால் படங்கள் நேர்த்தியாக இருப்பதாக எழுதியிருக்கிறார்கள் என்றேன். பின்பாதி பொய்யில்லை. மாஸ்டருக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை. பையன்களுக்குக்கூட அதைச் சொன்னாராம்.

சித்திரையில் நான் காங்கேயம் போய்விட்டேன். அன்றிலிருந்து என் சூரிய ஆராய்ச்சியெல்லாம் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்கிறதா என்பதோடு சரி.

நாலு வருஷம் கழிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் பஸ்ஸிலிருந்து இறங்கி, கக்கத்தில் ஒரு பெரிய காகிதக் கட்டோடு மில்லுக்கு வந்தார். சாப்பிடச் சொன்னால் இருக்கட்டுங்க என்றார், மோர் கொடுத்தால் இருக்கட்டுங்க என்றார். கட்டைப் பிரித்தார். அத்தனையும் சூரியன். நான் போனபிறகும் அவர் பாட்டுக்குத் தினமும் ராவுத்தர் மாடிக்குப் போயிருக்கிறார். படம் நேர்த்தி என்று மலைமேலிருந்து எழுதினார்கள் என்று நான் சொன்னேனல்லவா, அந்த ஒரு சொல்லுக்காக. முதலில் வெறும் வட்டங்கள், ஒன்றில்கூடக் கைவைக்கவில்லை. பிறகு ஒன்றிரண்டு புள்ளி. அப்புறம் வருஷம் போகப்போகக் கூட்டம் கூட்டமாகப் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் தேதி, மணி, மேகம். அப்படிச் சுத்தமான கையை நான் கண்டதில்லை.

"தம்பி, நெசப் புள்ளி ஒரு நாள்ல காணாமப் போறதில்லீங்க. தினம் சித்தச் சித்த நகந்து, பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு அந்தக் கரைக்குப் போகுது. நான் வெச்சது அன்னைக்கு இருந்துச்சு, அடுத்த நாளு இல்ல. பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருப்பாங்களே" என்றார். கொஞ்ச நேரம் தாள்களை அடுக்கினார். பிறகு, "அந்தக் கடுதாசில என்னங்க எழுதியிருந்தாங்க?" என்று கேட்டார்.

இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, தப்பு நான் பண்ணுனதுன்னு நாலு வரி எழுதிப் போட்டிருப்பனுங்களே" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. மரியாதைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டதில் என் வேலையும் போயிற்று, அவருக்கு அதைச் சரிசெய்யக் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பும் போயிற்று.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? கட்டிலிருந்து முப்பது தாளை எண்ணி எடுத்து என் முன்னால் வைத்து, இது அத்தனையும் உண்மை, உங்கள் பெயரைப் போட்டு மறுபடி அனுப்புங்கள் என்றார்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர், இதுவும் அதே தப்புதானுங்க என்றேன். அவரும் சிரித்துவிட்டார். பிறகு சாப்பிட்டார். தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார்.

அவர் காலமாகி வெகு காலம் கழித்து அவர் வீட்டுக்குப் போய் அந்தக் கட்டைக் கேட்டேன். அவர் மகன் திகைத்துப்போய், பழங்காகிதத்தோடு போட்டுவிட்டதாகச் சொன்னான். ராவுத்தர் கடையிருந்த இடத்தில் இப்போது மாடிமேல் மாடி கட்டிவிட்டார்கள். தொலைநோக்கி எந்தக் கைக்குப் போயிற்றோ தெரியாது. ஒரு மனிதன் நாலு வருஷம் காலை தவறாமல் பார்த்துப் பொய்யில்லாமல் எழுதி வைத்ததில் ஒரு தாள்கூட இன்றைக்கு இல்லை.

மில்லில் அவர் அந்த முப்பது தாளை எண்ணி வைத்தாரே, அந்த இடத்துக்குத்தான் என் மனசு திரும்பத் திரும்பப் போகிறது. என் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லத் தெரிந்த எனக்கு, "உங்க பேரப் போட்டு அனுப்புங்க மாஸ்டர்" என்று சொல்லத் தோன்றவில்லை. அவருக்குப் பட்டம் இல்லை, வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, எடுத்திருக்கமாட்டார்கள், இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் மலைமேல் இருந்தார்கள். நான் மாஸ்டரை அவர்களிடம் கேட்கவிடவில்லை.