நான் நூற்றுக்கு ஆறு வாங்கியதும் அப்பாவுக்கு வேலை போனதும்

எனக்குக் கணக்கு வராததால்தான் அப்பாவின் வேலை போயிற்று என்று ஒரு முழு மழைக்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். சாட்சியங்கள் அப்படி இருந்தன.

நாலாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணக்கில் எனக்கு நூற்றுக்கு ஆறு. அந்த ஆறும் கையெழுத்துக்காகப் போட்டது என்று தலைமையாசிரியர் வகுப்பில் வைத்தே சொன்னார். அதே பள்ளியில் அப்பா ஐந்தாம் வகுப்பு வாத்தியார். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர், அரை மணியில் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நீயும் இனிமே அங்க போவேணாம். நானே சொல்லித்தரேன்" என்றார். மகனின் ஆறு மார்க்கைப் பார்த்து மனம் வெறுத்து வேலையை உதறிவிட்டார்!

நடந்தது வேறு. சிதம்பரத்தில் நாங்கள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. சம்பளம் சர்க்கார் கொடுத்தது. பள்ளி மானேஜருக்குச் சொந்தம். அவருக்குப் புவனகிரிப் பக்கம் நிலம் இருந்தது. அறுப்பு வந்தால் வாத்தியார்கள் முறை வைத்துக்கொண்டு அவருடைய களத்துக்குக் காவல் நிற்க வேண்டும். அந்த வருஷம் குறுவை அறுப்புக்கு மூன்று பேர் போகவில்லை. அப்பா, மூன்றாம் வகுப்பு சார், பரங்கிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வரும் பாய் சார். மூவரும் அப்போதுதான் ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். மூவரையும் மானேஜர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். என் ஆறு மார்க் அவ்வளவு பெரிதாக இருந்தது.

அம்மா என்னை இரண்டு தெரு தள்ளியிருந்த முனிசிபல் பள்ளிக்கு இழுத்துப் போனாள். டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது என்றார்கள். மானேஜரிடம் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, வாத்தியாரே வந்து கேட்கட்டும் என்று பதில் வந்தது. "அந்தாளு வாசல்ல நான் போயி நிக்கறதா?" என்றார் அப்பா. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆறு மார்க் வாங்கியவனுக்கு யார் டி.சி. கொடுப்பார்கள் என்று நான் மானேஜர் பக்கம் நின்று யோசித்தேன்.

ஆகவே வீட்டிலேயே பள்ளிக்கூடம். காலை ஒன்பதரைக்கு அப்பா பித்தளை டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். பிறகு என் பெயரைக் கூப்பிடுவார். நான் எழுந்து "உள்ளேன் ஐயா" என்பேன். எதிரில் ஒரே ஒருவன் உட்கார்ந்திருக்க, அவன் வந்திருக்கிறானா என்று கேட்ட வாத்தியார் அவர் ஒருவராகத்தான் இருக்கும். முதல் ரேங்க் எனக்கு, கடைசி ரேங்க்கும் எனக்கு.

சாயங்காலம் மற்ற இரண்டு சார்களும் வருவார்கள். என் தலை தெரிந்ததும், "பையன் வர்றான்" என்று பேச்சை நிறுத்துவார்கள். என் கணக்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள், வேறென்ன? ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ஒருத்தர் மட்டும் போயி நிக்கக் கூடாது வாத்தியாரே. போனா மூணு பேரும் ஒண்ணாத்தான்" என்றார் பாய் சார்.

"நான் சொன்னா சொன்னதுதான் பாய்" என்றார் அப்பா.

மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து எனக்கு வாய்ப்பாடு நடத்தப் போகிறார்கள் என்று அன்று ராத்திரி எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

சனிக்கிழமைகளில் மூவரும் கடலூருக்குப் போய்ச் சங்கத்துக்காரர்களைப் பார்த்துவிட்டு, கல்வி ஆபீசில் மனு கொடுத்து வந்தார்கள். என் பரீட்சைத்தாளை மேலிடத்தில் காட்டப் போகிறார்கள் என்று பயந்து, அதைச் சுருட்டிக் கிணற்றில் போட்டேன். மறுநாள் அம்மா இறைத்த வாளியில் அது மிதந்து வந்தது. அம்மா திட்டவில்லை. அதை எடுத்துப் பிழிந்து, அடுப்பு மேடையில் காயவைத்தாள். தம்பி அப்போது அவள் வயிற்றில் இருந்தான். வீட்டில் காலையும் கஞ்சி, ராத்திரியும் கஞ்சி. மழை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா அந்த வெள்ளைச் சட்டையைத் துவைத்து, நீலம் போட்டு, உள்ளேயே கொடி கட்டிக் காயவைத்தார். போடாத சட்டை எப்படி அழுக்காகும் என்று எனக்கு விளங்கவில்லை.

பயத்தில் படித்தேன். மார்கழிக்குள் பதினாறாம் வாய்ப்பாடு வரை வந்துவிட்டது. அப்பா அரையாண்டுத் தேர்வு வைத்தார். நான் யாரையும் பார்த்து எழுதாதபடி குறுக்கும் நெடுக்கும் நடந்து மேற்பார்வையும் பார்த்தார். எண்பத்திரண்டு! 'நன்று' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு, மழையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். வேலைக்குக் கிளம்பவில்லை. சரி, தகவல் மானேஜருக்குப் போய்ச் சேரவில்லை என்று முடிவு செய்தேன்.

இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று வாத்தியார்கள் எலுமிச்சம்பழத்தோடு மானேஜர் வீட்டுக்குப் போவது வழக்கம். அந்த வருஷம் அப்பா போகவில்லை. நான் போனேன். அடுக்களையில் எடுத்த பழம் ஒரு கையில், சிலேட்டு ஒரு கையில். வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

"இன்னாடா இது, ஒங்கப்பன் அனுப்புனானா?" என்றார் மானேஜர்.

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன். எனக்கு இப்ப கணக்கு வருதுங்க. அப்பாவத் திரும்பி வெச்சிக்குங்க."

வரிசையில் யாரோ இருமினார்கள். மானேஜர் பழத்தை வாங்கி முகர்ந்தார்.

"பதிமூணு எட்டு?"

"நூத்தி நாலுங்க."

"கெட்டிக்காரன். ஒங்கப்பனுக்குங்கூட இப்பத்தான் கணக்கு வந்துருக்கு. போ, பொங்கல் லீவு முடிஞ்சதும் வருவான்."

அப்பாவுக்கு எப்போது கணக்கு வராமல் இருந்தது என்று குழம்பினாலும், ஓட்டமாக ஓடி வந்து வீட்டில் சொன்னேன். அப்பா என்னை அடிக்கவில்லை. டம்ளரை எடுத்துத் தட்டினார். அன்று லீவு நாள் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

பொங்கல் முடிந்ததும் வெள்ளைச் சட்டை பள்ளிக்குப் போயிற்று; நானும் போனேன். மற்ற இரண்டு சார்களும் வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. ஒருநாள் கடைத்தெருவில் பாய் சார் என்னைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினார்.

"கணக்கு வருதாமே தம்பி? மூணுல ஒண்ணு போனா எவ்ளோ?"

"ரெண்டு சார்!"

"கரெக்ட்டு" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். பதினாறாம் வாய்ப்பாடு தெரிந்தவனிடம் இதைக் கேட்கிறாரே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

சம்பா அறுப்பில் அப்பா என்னைப் புவனகிரிக்குக் கூட்டிப் போனார். மானேஜரின் களத்து மேட்டில் நாள் முழுக்கக் குடை பிடித்துக் காவல் நின்றார். சட்டையெல்லாம் பதர். என் பதிமூணு எட்டுதான் அவரை மீட்டு வந்தது என்று வைக்கோல்மேல் ஏறிக் குதித்தேன். பெரியவனானபின், நான் வாசலில் போய் நின்றதால்தான் மூவர் பிரிந்தார்கள் என்று அதே அளவுக்குப் பயந்தேன். எதையும் என் தலையில் போட்டுக்கொள்வதில் நான் எப்போதுமே முதல் ரேங்க்.

அப்பா போனபின், அம்மாவின் பென்ஷனுக்காக அவருடைய பணிப்பதிவேட்டைப் பார்க்க வேண்டி வந்தது. உள்ளே ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. சங்கத்திலிருந்து விலகிக்கொள்கிறேன், நடந்ததற்கு வருந்துகிறேன் என்று எழுதி, கீழே அப்பாவின் கையெழுத்து. தேதி டிசம்பர் முப்பது. எலுமிச்சம்பழத்தோடு நான் போனதற்கு இரண்டு நாள் முன்பு. மற்ற இருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர்களை மானேஜர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.