வாசிக்கப் போனதால் வராதவர்

“பட்டப் படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் கல்லூரியின் வேலை நாட்களில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். நோய் முதலிய தக்க காரணத்தால் குறை நேர்ந்தால், உரிய சான்றுடன் முதல்வர் வழியாக வரும் விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகம் பரிசீலித்து அக்குறையை மன்னிக்கலாம்.” விதி இவ்வளவுதான். இதில் ‘முதலிய’ என்கிற சொல்லுக்குள் எதையெல்லாம் நுழைக்க முடியும் என்பதுதான் ஒரு கல்லூரிக் குமாஸ்தாவின் சாமர்த்தியம். அறுவடை, அம்மை, ஆற்றில் வெள்ளம், அண்ணனின் கல்யாணம் எல்லாவற்றையும் நான் அதற்குள் நுழைத்திருக்கிறேன். இசை படிக்க வந்த ஒருவர், இசை வாசித்துக்கொண்டிருந்த காரணத்தால் வகுப்புக்கு வர முடியவில்லை என்பதை நுழைக்கத்தான் படாதபாடு பட்டேன்.

அந்த ஆண்டுகளில் நாகர்கோவிலில் எங்கள் கல்லூரியில் பி.ஏ.க்கு இசையையும் பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தது. என் மேசைக்குப் பக்கத்து அலமாரியில், பச்சைப் பட்டு உறை போட்ட நாகசுரம் ஒன்று காலையிலிருந்து மாலை வரை சாய்ந்து நிற்கும். அதன் சொந்தக்காரர் உள்ளே வகுப்பில் வாய்ப்பாட்டுப் படித்துக்கொண்டிருப்பார். பட்டத்துக்கு உரிய கருவிகள் என்று விதிப் புத்தகத்தில் வீணை இருந்தது, வயலின் இருந்தது, புல்லாங்குழலும் மிருதங்கமும் இருந்தன. நாகசுரம் இல்லை. அறைக்குள் வாசித்தால் தேர்வாளரின் காது என்னாகும் என்று பயந்தார்களோ என்னவோ. ஆகவே பரம்பரை நாகசுரக்காரர் ஒருவர், சுமாரான தம் குரலை நம்பிப் பட்டத்துக்கு வந்திருந்தார். மற்றவர்களைவிட நாலைந்து வயது மூத்தவர். நாங்கள் எல்லோரும் அவரை மேளக்காரர் என்றே சொன்னோம். வராந்தாவில் பையன்கள் கேலி செய்வார்கள்.

“மேளக்கார பி.ஏ. வாறாரு, வழி விடுங்கடே!”

“விடு மக்கா. முன்னால மேளம் போனாத்தான் பின்னால சாமி வரும்” என்று சொல்லிக்கொண்டே அவர் முதல் ஆளாக வகுப்புக்குள் போய்விடுவார்.

அவருக்கு ஏன் இந்தப் பட்டம் என்று ஒருநாள் கேட்டேன். தோவாளையில் ஒரு கல்யாண வீட்டில், காலையிலிருந்து வாசித்துவிட்டுப் பந்தல் காலில் சாய்ந்து நின்றிருக்கிறார். இடுப்பில் துண்டு, மேலே வெறும் உடம்பு. பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் ஒருவர் வந்து ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். “அவரும் நல்லாத்தான் பாடினாரு சாரே, குறை சொல்லப்பிடாது. ஆனா அவருக்கு நாற்காலி கெடந்துது. சட்டை போட்டிருந்தாரு. காப்பி முன்னால வந்துது. எனக்குப் பந்தி முடிஞ்ச பெறவு, பொறவாசல்ல.” அவ்வளவுதான் சொன்னார். தக்கலையில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பாட்டு வாத்தியார் வேலை காலியாக இருந்தது. பட்டம் இருந்தால் உமக்கு என்று நிர்வாகி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நாற்காலிக்காகத்தான் அவர் ஆங்கிலக் கட்டுரைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

ஆனால் பூதப்பாண்டிப் பக்கத்தில் ஒரு கோயிலில் அவருடைய குடும்பத்துக்கு முறை இருந்தது. உற்சவ நாட்களில் வாசிக்கும் உரிமை அது. உரிமை என்றாலும் தப்ப முடியாத உரிமை. ஒரு உற்சவத்துக்கு ஆள் வராவிட்டால் முறை அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும், அதோடு இருக்கிற வயலும் போய்விடும். அந்த வயல்தான் அவருடைய அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் சோறு. அப்பா இறந்துவிட்டார், தவில் வாசிக்க மாமா இருந்தார், நாகசுரத்துக்கு இவர் ஒருவர்தான். நவராத்திரி, மார்கழியில் (எங்கள் கணக்கில் தனு மாதம்) உற்சவம், மாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று என்று நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு நான் கூப்பிட்டுச் சொன்னேன்.

“ஓய், இப்படியே போனா பரீட்சை எழுத முடியாது, பாத்துக்கிடும்.”

“வகுப்புக்கு வந்தா முறை போவும் சாரே. கோயிலுக்குப் போனா பட்டம் போவும். எதைப் போக்கலாம்னு உங்க விதிப் புஸ்தகத்துல போட்டிருக்கா?”

போட்டிருக்கவில்லை. ஆனால் வழி இருந்தது. கோயிலை நடத்துவது, கோயில்களுக்கென்று அரசு அமைத்த தேவஸ்வம் வாரியம். அதன் உத்தரவுப்படி வாசிப்பது கடமை. கடமைக்குப் போனவனை விடுப்பில் போனவனோடு சேர்க்கலாகாது. இந்த வாதத்தை இரண்டு பக்கம் எழுதினேன். கோயிலின் மேலாளரான ஸ்ரீகாரியத்திடம், இன்னின்ன நாட்களில் இவர் இங்கே வாசித்தார் என்று சான்றிதழ் வாங்கி இணைத்தேன். முதல்வர் கையெழுத்துப் போட்டார். தேர்வு எழுதலாம், ஆனால் விண்ணப்பம் தீரும்வரை தேர்வு முடிவை நிறுத்தி வைப்பார்கள் என்று அனுமதி வந்தது.

செய்முறைத் தேர்வு நடந்தபோது தம்புராவைத் தூக்கி வைக்கும் சாக்கில் நானும் அறைக்குள் நின்றேன். மேளக்காரர் கண்ணை மூடித் தோடியை ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் பின்தங்கித்தான் வந்தது. ஆனால் இரண்டு கைவிரல்களும் தொடை மேல், இல்லாத துளைகளை அடைத்தும் திறந்தும் ஓடிக்கொண்டிருந்தன. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பாதியில் நிறுத்தி, “கையை ஏன் இப்படி ஆட்டுகிறீர்?” என்று கேட்டார்.

“கைதான் சார் பாடுது. வாய் பொறத்தால வருது.”

தேர்வாளர் சிரித்துவிட்டார். எத்தனை மதிப்பெண் போட்டார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்வது முறையல்ல.

மே மாதம் மற்றவர்களின் முடிவுகள் வந்தன. இவர் பெயருக்கு எதிரே ‘நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். பரிசீலனையில் இருப்பதாக ஓர் அட்டை வந்தது. இன்னொரு நினைவூட்டல், இன்னோர் அட்டை. தக்கலை நிர்வாகி, கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்வரை பொறுப்பதாகவும் அதற்கு மேல் முடியாதென்றும் சொல்லிவிட்டார். இதற்கிடையில் நவம்பர் முதல் தேதி வந்தது. எங்கள் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஊரெல்லாம் கொடி, ஊர்வலம், மிட்டாய். நானும் மிட்டாய் தின்றேன். முடியாத கோப்புகளெல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டுத் திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போயின.

அங்கிருந்து சீக்கிரமே ஒரு கடிதம் வந்தது. அந்த வேகமே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. “விண்ணப்பதாரர் வகுப்புக்கு வராதிருந்த காலம் 1131-ஆம் ஆண்டு எனச் சான்றிதழில் காணப்படுகிறது. தேர்வுக்குரிய கல்வியாண்டுக்குத் தொடர்பில்லாத காலத்தின் வருகைக் குறைவை மன்னிக்க விதியில் இடமில்லை. விளக்கம் அனுப்புக.”

ஸ்ரீகாரியம் மலையாளத்துக் கொல்லம் ஆண்டில் தேதி போட்டிருந்தார்; அந்த 1131-தான் ஆங்கிலக் கணக்கில் 1955-56. வேறு எதில் போடுவார்? நிலப்பத்திரம், ஜாதகம், கல்யாணக் கடிதம் எல்லாவற்றிலும் எங்களுக்கு அந்த ஆண்டுதான். திருவனந்தபுரத்தில் எந்தக் குமாஸ்தாவும் அதைக் கண்ணெடுத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான். அனுப்பியபோது அது பிழையே இல்லை. எல்லைக்கோடு நகர்ந்தபோது, மூட்டைக்குள் இருந்தபடியே அது பிழையாகிவிட்டது. சென்னைக்காரர் கணக்கில் எங்கள் மாணவர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு வகுப்புக்கு மட்டம் போட்டவர்.

மேளக்காரரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முதலில் முகம் வெளுத்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: “அப்பவும் அங்க எங்க ஆளுதான் வாசிச்சிருப்பாரு சாரே. அதையும் சேத்து மன்னிக்கச் சொல்லும்.”

பஞ்சாங்கத்தின் பக்கங்களை இணைத்து, கொல்லம் ஆண்டு என்பது என்ன, அதில் தனு எது, கும்பம் எது என்று ஒரு சிறு பாடமே எழுதி அன்றே தபாலில் சேர்த்தேன். என் உத்தியோக வாழ்வில் அவ்வளவு பொறுமையாக வேறு எதையும் எழுதியதில்லை. இன்று என் பேரனின் கல்லூரியில் கட்டைவிரலை ஒரு கருவியில் வைத்தால் வருகை தானே பதிவாகிறது. வராவிட்டால் அப்பாவுக்குச் செய்தி போகிறது. எந்த ஆண்டு என்று அந்தக் கருவி குழம்புவதில்லை. அதனிடம் போய் நின்று ‘முதலிய’ என்று சொல்லவும் முடியாது. எங்கள் காலத்தில் தாமதம் இருந்தது, அசட்டுத்தனம் இருந்தது. கெஞ்சுவதற்கு ஓர் ஆளும் இருந்தார்.

பதில் வந்தபோது கல்லூரிக்கு விடுமுறை. தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். குறை மன்னிக்கப்பட்டது, தேர்ச்சி அறிவிக்கப்படுகிறது என்று இரண்டே வரிகள். மேளக்காரர் எங்கே இருப்பார் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தனு மாதமல்லவா. பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போனேன். சாமி வாகனத்தில் புறப்பட்டு வடக்கு வீதியில் வந்துகொண்டிருந்தார். முன்னால் இவர், வெறும் உடம்போடு, இடுப்பில் துண்டோடு, கன்னம் புடைக்க வாசித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். இரண்டு வரியையும் படித்தார். விரல் பிசகவில்லை. கண்கள் மட்டும் நிறைந்து வழிந்தன. துடைக்கக் கை ஒழியவில்லை.

சாமி நின்ற இடத்தில் நாகசுரத்தைக் கீழே இறக்கினார். “மன்னிச்சாச்சா?” என்றார். “எதுக்கு சாரே, வாசிச்சதுக்கா?”

நான் பதில் சொல்வதற்குள் தவில்கார மாமா விஷயத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். ஸ்ரீகாரியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அது கேலியா மரியாதையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, “ஏ, யாருடே அங்க? பி.ஏ.க்காரருக்கு ஒரு நாற்காலி கொண்டாங்க!” என்று உரக்கச் சொன்னார். யாரோ நிஜமாகவே கொண்டுவந்து வீதி நடுவில் போட்டார்கள்.

மேளக்காரர் அதைப் பார்த்தார். பிறகு வாகனத்தைப் பார்த்தார்.

“சாமி இன்னும் வீதியிலதான நிக்காரு. நானும் நிக்கேன். எனக்கு உள்ள நாற்காலி தக்கலையில கெடக்கு” என்று சொல்லிவிட்டுச் சீவாளியை உதட்டில் வைத்து, விட்ட இடத்திலிருந்து எடுத்தார். ஊர்வலம் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. அன்று 1956 டிசம்பர் 28, வெள்ளிக்கிழமை.