அட்டை போட்டவருக்குத் திறக்காத கதவு

ஊரை நடந்து காட்டுகிற தொழிலில் தொண்டை காய்வதும் குதிகால் வெடிப்பதும் நமக்கு, "என்ன அழகு" என்கிற பேர் மட்டும் ஊருக்கு. முதலாளி முன்னால் வாயை மூடிக்கொண்டு பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

தேக்கடி பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களை, குமுளியில் இருந்த ஒரு மலையாளி டிராவல்ஸ் முதலாளி ஜீப்பில் மலை இறக்கி உத்தமபாளையத்துக்கு அனுப்புவார். அங்கே வெள்ளைக்காரன் காலத்துத் தாலுகா கச்சேரிக் கட்டடம், கல் பாலம், வாய்க்கால் மதகு, மாதா கோவில் என்று இரண்டு மணி நேரம் நான் நடத்திக் காட்டுவேன். படித்தது நாலாம் வகுப்பு. இங்கிலீஷ், ஏலத்தோட்டத்தில் மூட்டை தூக்கியபோது மேனேஜரிடம் திட்டு வாங்கியே கற்றது. தொண்ணூற்றெட்டில் தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் நடந்தேன். நடுவில் ஐந்து மாதம் நடக்கவில்லை. அந்த ஐந்து மாதத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மதகடியில் முதல் நாள்

முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். மதகின் இரும்புத் திருகைக் காட்டி, இது சீமையிலிருந்து கப்பலில் வந்து மாட்டு வண்டியில் ஏறியது என்று எங்கள் ஊரில் சொல்வதைச் சொன்னேன். எந்த வருஷம் என்று ஒரு அம்மா கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? "எங்க அய்யாவோட அய்யா இதுமேல இருந்து குதிச்சுத்தான் நீச்சல் பழகினாரு" என்றேன். அந்த அம்மா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருத்துவிட்டது.

எதிர்க்கரையில் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த சுப்பையா மச்சானுக்கு அது பொறுக்கவில்லை. ஊருக்கே கேட்கக் கத்தினார்: "ஏலே மாயாண்டி! கடல் தாண்டி வந்தவுகளுக்கு வாய்க்கா மதகையா காட்டுற? இங்கன கூட்டியாலே, எருமையவாச்சும் பாத்துட்டுப் போகட்டும்!"

தண்ணீர் குடிக்காத அம்மா

இரண்டாவது கோடையில் வந்த ஒரு ஜெர்மன் அம்மா, கையில் இருந்த பாட்டிலைத் திறக்கவே இல்லை. முகம் பழுத்த மிளகாய் மாதிரி ஆகிவிட்டது. குடியுங்கள் என்றால் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கூட வந்தவர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். குடித்தால் போக வேண்டுமே, எங்கே போவது என்று பயந்து, காலையிலிருந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லையாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு காட்டினேன், அந்த ஒன்றைக் காட்டவில்லையே.

மாதா கோவில் தெருவில் ரிட்டயர் ஆன மேரி டீச்சர் முழங்கால் வலிக்காக மேல்நாட்டுக் கக்கூஸ் வைத்திருந்தது ஞாபகம் வந்தது. வாசலில் நின்று தலையைச் சொறிந்தேன். டீச்சர் அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அன்று தொடங்கி அந்தத் தெருவில் ஏழு வீடு பிடித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் நானே இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வைப்பேன், போன பிறகு நானே கழுவியும் விடுவேன். வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டில் ஆகாது. ஒரு வீட்டு மாமியார், வந்தவருக்குப் பூ வைக்காமல் அனுப்ப மாட்டார். இத்தனைக்கும் தொடக்கம் அன்றைக்கு டீச்சர் சொன்னதுதான்: "ஏன்ப்பா, இதக் கேக்க இம்புட்டுக் கூச்சமா? அவுகளும் பொம்பளைதான?"

அட்டை

ஐந்தாவது வருஷம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், ஆனால் அன்றைக்கு என் கண்ணைப் பார்க்கவில்லை. "அண்ணே, வருத்தப்படண்டா கேட்டோ. கழுத்துல அட்டை போட்ட படிச்ச ஆள் வேணும்னு ஹோட்டல்காரங்க சொல்றாங்க" என்றார். வரலாறு எம்.ஏ. படித்த பிரபாகர் வந்தார். எனக்குத் தண்ணீர்ப் பெட்டி தூக்கும் வேலை.

ஒரே ஒரு நாள் தூக்கினேன். கல் பாலத்தில் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பழக்க தோஷத்தில் நானும் பக்கத்தில் நின்றேன். பிரபாகர் சிரித்த முகத்தோடு சொன்னார்: "அண்ணே, கொஞ்சம் பின்னாடி போங்க. போட்டோல விழுறீங்க."

பதினொரு பேர்

பெட்டியைப் பாலத்திலேயே வைத்துவிட்டு வந்தவன் ஐந்து மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் மாதா கோவில் தெரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பிரபாகர் வயசான வெள்ளைக்கார அம்மாக்கள் பதினொரு பேரோடு வந்தார். மதகடியில் அவர் ஒரு மணி நேரம் வருஷக் கணக்கை ஒப்பித்தாராம், அதில் பாதிப் பேருக்கு அவசரம் வந்துவிட்டது. நடையிலேயே தெரிந்தது.

இந்தத் தெருவில்தான் நான் கூட்டிப்போவேன் என்று ஜீப் டிரைவர் சொல்லியிருப்பார் போல. பிரபாகர் முதல் கதவைத் தட்டினார். கழுத்தில் அட்டை, கையில் பேப்பர். "உங்க வீட்ல கக்கூஸ் இருக்கா?" என்று கேட்டார். அட்டை போட்டவர் வாசலில் நின்று அப்படிக் கேட்டால், நம் ஊரில் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். "இல்லவே இல்ல சார்." இரண்டாவது வீட்டிலும் இல்லை. மூன்றாவது வீட்டுக்காரர் கக்கூஸ் கதவில் சாய்ந்துகொண்டே இல்லை என்றார். மேரி டீச்சர் ஜன்னல் வழியாக அட்டையைப் பார்த்துவிட்டுக் கதவையே திறக்கவில்லை.

நான் இன்னொரு டீ சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன், அதைவிட ருசியான டீ நான் குடித்ததில்லை. ஆனால் ஒரு அம்மா சாக்கடைத் திண்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பகை பிரபாகரோடுதான், அந்த அம்மாவோடு இல்லை. எழுந்து போய்க் குரல் கொடுத்தேன்: "டீச்சரக்கா, நம்ம விருந்தாளிகதான்!" தெருவில் ஏழு கதவும் திறந்தன. எல்லாருக்கும் இடம் கிடைத்தது. நாலு பேர் பூவோடு வெளியே வந்தார்கள்.

வாசலில் நின்ற பிரபாகரைப் பார்த்து டீச்சர் சொன்னார்: "தப்பா நெனச்சுக்கிறாதீக தம்பி. வீட்டு வரி ஏத்த வந்தாகன்னுல்ல நாங்க பயந்தோம்!"

முதலாளி வந்தார்

மறுநாள் காலையில் முதலாளியின் ஜீப் என் வீட்டு வாசலில் நின்றது. திரும்பி வரச் சொன்னார். வந்தால் முன்னால் நடப்பது நான்தான், பிரபாகர் கூட வந்து வருஷம் மட்டும் சொல்லலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எனக்கும் ஒரு அட்டை செய்து தரவா என்று கேட்டார். அதைக் கண்டால் எங்கள் தெரு கதவைச் சாத்திவிடும் என்றேன். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்: "எம்.ஏ. படிச்ச ஆள் எனக்கு நூறு பேர் கிட்டும் அண்ணே. ஏழு வீட்டுக் கதவைத் திறக்கிற ஆளுக்கு நான் எவிடெ போக?"

நாலாம் வகுப்புக்காரனிடம் சமாதானம் பேச ஒரு முதலாளி அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்ததைப் பெருமையாகச் சொல்லித் திரியக் கூடாது என்று நினைப்பதால், வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் நான் சொல்வதில்லை.