இனிப்பு ஸ்பகெட்டியில் ஒரு கரண்டித் தூள்

பிள்ளையள், நான் முதன்முதலாக அடுப்படியில் அதிகாரம் பண்ணிய நாளைச் சொல்கிறேன், கேளுங்கோ. எனக்கு அப்போது எட்டு வயது. லாசால் என்ற குளிர் ஊரில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம்.

எதிர்க் கதவு பிலிப்பைன்ஸ் அன்ரியின் வீடு. அம்மா வேலையால் வரும்வரை என்னைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அவர் இங்கே வேலைக்கு வந்துவிட்டதால், அவருடைய மகன் மூன்று வயதிலிருந்து மணிலாவில் சித்தியோடு வளர்ந்தான். ஐந்து வருடத்துக்குப் பிறகு, ஒரு மாசி மாதச் சனிக்கிழமை, அவன் வருகிறான்! இரண்டு கதவுக்கும் இடையிலுள்ள நடையில் ஹொக்கி விளையாட, கோல் காக்க, ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அன்ரி காலையிலேயே எங்கள் மேசையில் சாமான்களைப் பரப்பிவிட்டார்: ஸ்பகெட்டி, அரைத்த இறைச்சி, சிவப்புச் சொசேஜ், வாழைப்பழத்தில் செய்த கெச்சப், சீனி, துருவின சீஸ். மகன் கதவைத் திறக்கும்போது சுடச்சுட இருக்கவேண்டுமாம். அவர் சமைப்பதைப் பலமுறை பார்த்தவன் நான் என்பதால் பொறுப்பு எனக்கு, அடுப்பு அப்பாவுக்கு. அம்மா என் குளிர் ஜக்கெட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அன்ரியோடு விமான நிலையம் போனார்.

"கெச்சப்பை ஊத்துங்கோ அப்பா. இன்னும்! இப்ப சீனி."

"சீனியோ? டேய், இது கறியோ பாயாசமோ?"

"அன்ரி அப்பிடித்தான் போடுறவ."

நான் சொசேஜை வட்டம் வட்டமாக வெட்டினேன். ஐந்துக்கு ஒன்று என் வாய்க்குள் போனது. கார் வருகுதோ என்று ஜன்னலுக்கு ஓடுவேன். திரும்பி வந்து கிண்டுவேன். அப்படி ஒருமுறை ஓடிவந்து பார்த்தால் சோஸின் நிறம் மாறியிருக்கிறது. அப்பாவின் கையில் எங்கள் மிளகாய்த்தூள் போத்தல்!

"ஒரு கரண்டிதானடா. தூள் இல்லாமல் இறைச்சி எப்பிடி இறங்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவன் சாப்பிடமாட்டான்! திரும்பிப் போயிடுவான்!"

அப்பா பயந்துபோனார். மிச்சக் கெச்சப், மிச்சச் சீனி, தேத்தண்ணிக்கு வைத்திருந்த இனிப்பு ரின்பால், எல்லாம் உள்ளே போயின. ருசி பார்த்தேன். முதலில் இனிப்பு. பிறகு தொண்டையில் சின்னதாக ஓர் உறைப்பு. இனி என்ன செய்வது? கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டுவிட்டது.

என் ஜக்கெட்டுக்குள் புதைந்தபடி வந்தான். அன்ரிக்குப் பக்கத்தில் நிற்காமல் என் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். எல்லாருக்கும் தட்டில் போட்டோம். அவன் முள்ளுக்கரண்டியில் சுருட்டி ஒரு வாய் வைத்தான். நிறுத்தினான். இன்னொரு வாய். பிறகு தலை நிமிராமல் தின்றான், தட்டை வழித்தான், அன்ரியை நேராகப் பார்த்துத் தட்டை நீட்டினான்.

அன்ரியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"உறைப்போ?" என்று அப்பா குற்றவாளி மாதிரிக் கேட்டார்.

எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் பழகிய அன்ரிக்கு அந்தச் சொல் தெரியும். "ஓம், ஓம், உறைப்பு" என்று சிரித்தபடி துடைத்தார்.

நான் பறந்துபோய்த் தண்ணி கொண்டுவந்தேன். குடித்தார், கண்ணீர் நிற்கவில்லை. இன்னொரு கிளாஸ் கொண்டுவந்தேன். அதை வைக்க இடம் இல்லாமல் அன்ரியின் தட்டைத் தள்ளவேண்டியிருந்தது. தட்டு நிறைய ஸ்பகெட்டி. மேலே தூவின சீஸ்கூடக் குலையவில்லை.

ஒரு வாயும் தொடாதவருக்கு எப்படி உறைத்தது என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. அப்பாவோடுதான் ஒரு கிழமை கதைக்காமல் இருந்தேன்.