ஆளுக்கு ஒரு வாய்

பிரான்சின் லியோன் நகரில் என் மகனைச் சேர்த்த குழந்தைகள் காப்பகத்தில் (க்ரெஷ் என்பார்கள்) முதல் நாளே ஒரு விசித்திரம் பார்த்தேன். அங்கே வேலை செய்யும் பெண் ஒரு கைக்குழந்தைக்குக் கேரட் மசியல் ஊட்டிக்கொண்டிருந்தாள். நாலு வாய் வாங்கிய குழந்தை முகத்தைத் திருப்பியது. அவ்வளவுதான், கரண்டி கீழே இறங்கிவிட்டது. கிண்ணத்தில் பாதி மிச்சம். காக்கா காட்டவில்லை, கைப்பேசியில் பாட்டுப் போடவில்லை. அடப்பாவி, ஒரு வார்த்தை கெஞ்சக்கூட மாட்டாளா என்று எனக்கு வயிறு எரிந்தது.

தடுப்பூசிக்குப் போனபோது தாதி என் மகனை எடை போட்டுவிட்டு, வளர்ச்சி அட்டையில் கோடு வேகமாக மேலே ஏறுகிறது என்று விரலால் காட்டினாள். நான் வாயெல்லாம் பல்லாக "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னேன். அவள் திகைத்துப்போனாள். "பாராட்டவில்லை மதாம், கவலைப்படுகிறேன். அவனுக்குப் போதும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "கிண்ணம் காலியானால் தெரியும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வாயை மூடுவதும் முகத்தைத் திருப்புவதும்தான் குழந்தையின் பேச்சு, அதைக் கேட்காமல் திணித்தால் வயிறு நிறைவது எப்படி இருக்கும் என்பதே அதற்கு மறந்துபோகும் என்று பொறுமையாகச் சொன்னாள். பசித்துப் புசி என்று கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் பக்கம் பிள்ளையைப் பசிக்க விட்டால்தானே புசிக்க!

இதையெல்லாம் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை ஷீலாவிடம் போனில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பாலில் பிஸ்கட்டை ஊறப்போட்டுப் புகட்டுவதை நிறுத்தினாள். கேப்பைக் கூழ், குழைந்த பருப்புச் சோறு, மசித்த வாழைப்பழம். மகள் ஜெனி வாயை மூடினால் கிண்ணத்தையும் மூடிவிடுவாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் எடை சரியாக இருக்கிறது என்றார்கள். ஆனால் தெருவுக்கு டாக்டர் பேச்சு எதற்கு? பால்மாவு டப்பாவில் சிரிக்கும் கன்னம் உப்பிய குழந்தைதான் அவர்களுக்கு அளவுகோல்.

ஜெனியின் முதல் பிறந்தநாளுக்காக நான் ஊர் போயிருந்தபோது அந்த வீட்டில் இந்தப் பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா என் எதிரிலேயே கேட்டார்: "இன்னாம்மா ஷீலா, புள்ள பஞ்சத்துல பொறந்த மாதிரி கீது? பட்டினி போட்டுக்கினு கீறியா?" மாமியார் ஒரு படி மேலே போனார். "பொறந்தநாள் முடியட்டும். இனிமே புள்ளைக்கு நானே ஊட்டிக்கிறேன். பிரான்சு சட்டமெல்லாம் பிரான்சுல இருக்கட்டும்" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தாயிடமிருந்து சோற்றுக் கிண்ணத்தைப் பிடுங்குவதற்கு அன்பு என்று பெயர்! பிறந்தநாளும் அதுவுமாக ஷீலா அன்று சாப்பிடவே இல்லை.

கேக் வெட்டியதும் நம் ஊர் வழக்கம் ஆரம்பித்தது. வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு வாய் குழந்தைக்கு ஊட்ட வேண்டும், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு போட்டோ. பல் முளைத்தும் முளைக்காத வாயில் கிரீமை அப்பினார்கள். ஜெனி தலையைத் திருப்பினாள். போட்டோக்காரர் "இந்தப் பக்கம் திருப்புங்க" என்றார். ஒரு மாமா தாடையைப் பிடித்தே திருப்பினார். அந்த நேரத்தில் மாமியாரின் மூத்த பேத்தி ரோசி, பதினோரு வயசு, இன்னொரு துண்டு கேக்குக்குக் கை நீட்டினாள். "ஏய், வாயைக் கட்டு! வாசக்கதவு பத்தாது உனக்கு" என்றார் பக்கத்து வீட்டம்மா. கூடம் முழுக்கச் சிரித்தது. ரோசி கையை இழுத்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வயதில் கொழுகொழு என்று கொஞ்சித் திணித்த அதே வாய்கள், பத்து வயதில் பூசணிக்காய் என்று கேலி பேசும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று பாடமும் நடத்தும். வளைத்தது யார்?

நான் வாயைத் திறப்பதற்குள் ஷீலா ஜெனியைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டு, குழந்தை உட்கார்ந்திருந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

"அவளுக்குப் போதுமாம். மிச்சத்த எனக்கு ஊட்டுங்க. அவளப் பெத்த வாய்தான இது?"

தாடையைப் பிடித்த மாமாவின் பக்கம் திரும்பினாள். "இன்னா மாமா பாக்குறீங்க? ஜல்தி ஊட்டுங்க, பசிக்குது" என்றாள். போட்டோக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து இருபத்தாறு வயசுப் பெண்ணுக்குக் கேக் ஊட்டினார்கள். கடைசியாக மாமியார் வந்தார். கேக் துண்டை மருமகளின் வாயருகே கொண்டுபோனார். "தின்னு. நீதான் எளைச்சிப் போய்க் கீற" என்றார். மறுநாள் காலை கூழ்க் கிண்ணம் ஷீலா கையில்தான் இருந்தது.

லியோனுக்குத் திரும்பிய வாரம், உடன் வேலை செய்யும் ஒருத்தி என்னை விருந்துக்கு அழைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய உருளைக்கிழங்கு, மேலே உருகிய சீஸ், வீடே மணத்தது. வைக்கட்டுமா என்று கேட்டாள். முதல் தடவை கேட்டதும் வேண்டும் என்று சொல்வது நமக்குப் பழக்கமில்லையே. "நோன், மெர்சி", வேண்டாம் என்றேன். அவள் தலையசைத்தாள். தட்டு என்னைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய்விட்டது. என் வார்த்தையை மதித்தாள், குறை சொல்ல முடியாது. நானோ, இன்னும் ஒரு தரம் கேட்பார்கள் என்று, காலித் தட்டின் முன்னால் பசியோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.