என்னைத் தூக்காத ஊர்

எங்கள் ஊரில் நல்லவர்கள் அதிகம். அதுதான் என் தொல்லை. காப்பித் தோட்டத்துச் சரிவில் விழுந்து இடுப்பு ஒடிந்த நாளிலிருந்து, பார்க்கிறவர்களெல்லாம் என்னைத் தூக்கத்தான் வருகிறார்கள். பஸ்ஸா, தூக்கு. ஜீப்பா, தூக்கு. கல்யாண மண்டபத்துப் படியா, சக்கர நாற்காலியோடு தூக்கு. மஞ்சக்குட்டைப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து நோயாளிகளைக் கட்டிலோடு ரோடு வரைக்கும் தூக்கிவந்து பழகிய கைகள். அக்குளுக்குள் கையை விட்டு, சேலை விலகியதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "ஒண்ணுமில்ல கண்ணு" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவளை மூட்டை மாதிரி இறக்கி வைப்பது ஒன்றுமில்லையாம். நாற்காலியிலிருந்து கட்டிலுக்குக் கையூன்றி நானே மாறிக்கொள்வேன். படி மட்டும்தான் ஆகாது.

தூக்குகிறவர்களில் முதல் ஆள் என் அண்ணன். அவர் வீட்டில்தான் இருக்கிறேன். வாசலில் இரண்டே படி. அங்கே ஒரு சாய்தளம் போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. "நானிருக்கறப்ப அதெதுக்கு அம்மிணி?" என்பார். அவர் வெளியே போய்விட்டால் நான் உள்ளே கிடப்பேன்.

போன வருடம், சிங்கப்பூர் போவதென்று முடிவு செய்தேன். அங்கே இன்னதைப் பார்க்க வேண்டும் என்று பெரிய ஆசை ஒன்றும் இல்லை. யாரும் என்னைத் தூக்காமல் ஒரு ஊரைச் சுற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். அது ஒரு வெறியாகவே பிடித்துக்கொண்டது.

சேலத்தில் ஒரு டிராவல்ஸ்காரர், முதியவர்களுக்குச் சிறப்புச் சுற்றுலா என்று போர்டு வைத்திருந்தார். அந்த ஆபீஸே மாடியில் இருந்தது, லிப்ட் கிடையாது. அவர் கீழே இறங்கி வந்து கார் ஜன்னலோரம் நின்று பேசினார்.

"எல்லா வசதியும் உண்டுங்க மேடம்."

"ஓட்டல் பாத்ரூம் கதவு எவ்வளவு அகலங்க?"

"நல்லா அகலமாத்தானுங்க இருக்கும்."

"வாசல்ல படி?"

"ஒண்ணே ஒண்ணுதானுங்க."

ஒரு படி எனக்கு மதில்சுவர் என்றேன். அவர் முன்சீட்டில் இருந்த அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா கூட வர்றாருல்லங்க. தூக்கிக்கலாம்."

அண்ணனும் தலையாட்டினார். இரண்டு பேரையும் அறையலாம் போலிருந்தது. வண்டியை எடுக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் சக்கர நாற்காலியின் அகலத்தை டேப் வைத்து அளந்தேன். ஓட்டல்களுக்கு நானே மெயில் போட்டேன். கதவு எத்தனை அகலம், தெருவிலிருந்து அறை வரை எங்காவது படி உண்டா, கழிப்பறைக் கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் அன்புடன் வரவேற்பதாகப் பதில் எழுதினார்கள். அந்த அன்பை வைத்துக்கொண்டு எந்தக் கதவில் நுழைவது? ஒரே ஒரு ஓட்டலில் யாரோ பாத்ரூம் கதவின் குறுக்கே டேப்பைப் பிடித்து, எண் தெரிகிற மாதிரி படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். அங்கேயே அறை போட்டேன். லிப்ட் உள்ள ரயில் நிலையங்களாகப் பார்த்து, அவற்றை ஒட்டிய இடங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். படகுச் சவாரியை நீக்கினேன். ஏறுவதற்குக் கைகொடுப்பார்களாம்.

துணைக்கு அண்ணியைக் கூப்பிட்டேன். அண்ணிக்கு முதுகு சரியில்லை, தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அவளால உன்னத் தூக்க முடியாதே அம்மிணி" என்றார் அண்ணன்.

"அதனாலதாங்கண்ணா கூப்பிட்டேன்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. கிளம்பும்வரை சரியாகப் பேசவில்லை. எனக்கு அது நொம்ப நிம்மதியாக இருந்தது.

சிங்கப்பூரில் முதல் நாள் காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். டிரைவர் இறங்கி வந்து, பஸ்ஸின் தரையில் மடித்திருந்த தகட்டை நடைபாதைமேல் விரித்துவிட்டு ஒதுங்கி நின்றார். சிரிக்கவில்லை, பாவப்படவும் இல்லை. நான் உருட்டிக்கொண்டு ஏறினேன். உள்ளே ஒருவரும் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு அழுகை வந்தது. அண்ணி சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள். இல்லை, ஆத்திரம். ஒரு தகடு, இவ்வளவுதான் வேண்டியிருந்தது. இது இல்லாமல்தான் எத்தனை பேர் கை என் மேல் பட்டிருக்கிறது!

ஊர் சுற்றி முடித்துத் திரும்பினோம். கார் வாசலில் நின்றது. நானே நாற்காலிக்கு மாறி உட்காருவதற்குள் அண்ணன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"தொடாதீங்கண்ணா."

"பின்ன எப்படி ஊட்டுக்குள்ள போவ?"

"தெரியலைங்க. ஆனா நீங்க தூக்க வேண்டாம்."

"அப்ப இத்தன வருசமா நான் தூக்கினது உனக்குப் புடிக்கலையா?"

"ஒரு நாளும் புடிக்கலைங்கண்ணா."

அவர் கண் கலங்கியது. நான் சமாதானம் சொல்லவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். மாட்டுக்கொட்டாய்க் கதவைக் கழற்றித் தலையில் சுமந்துவந்து படிமேல் சாய்த்துப் போட்டார். சாணி வாடை அடித்தது. சரிவும் அதிகம். சக்கரத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு பாதி ஏறினேன். பிடி நழுவி, நாற்காலி பின்னால் வழுக்கியது. அண்ணனின் கைகள் என்னைப் பிடிக்கப் பாய்ந்து வந்து, தொடாமல் அப்படியே நின்றன.

"புடிக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டார்.

விழுந்த நாளிலிருந்து அதுவரை ஒருவர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"வேண்டாங்கண்ணா" என்றேன்.

அவர் கையை இறக்கிக்கொண்டார். நான் கீழே போய் மறுபடியும் ஏற ஆரம்பித்தேன்.