ஆளில்லாச் சப்பாத்துகள்

மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் முன்கதவுப் பூட்டு பழுதாகி, அதைத் திருத்த ஆள் வருவதற்கிடையில் இரண்டு பனிக்காலம் போய்விட்டது. யார் தள்ளினாலும் கதவு திறக்கும். பீட்சா கொண்டு வருபவன், விளம்பரத்தாள் போடுபவன், குளிருக்கு ஒதுங்குபவன் எல்லோரும் தள்ளித் திறந்துகொண்டுதான் வந்தார்கள். அந்தக் காலம் முழுவதும் நான் அடித்துப் போட்டதுபோல நித்திரை கொண்டேன். எனக்குப் பயம் வந்தது, பயப்பட ஒன்றுமே இல்லாத ஊருக்குக் குடிபோன பிறகு.

அந்த ஊரின் பெயர் வேண்டாம். மொன்ட்ரியால் தீவின் மேற்குப் பக்கம், ரொக்ஸ்பரோவையும் தாண்டிப் போகவேண்டும். ஆங்கிலேயர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து, புல்லை ஒரே உயரத்துக்கு வெட்டிப் பழகிய சின்ன ஊர். கடையில் ‘போன்ஜூர்’ சொன்னால் ‘குட் மோர்னிங்’ என்று பதில் வரும். தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. நாய் இழுத்துக்கொண்டு போனால் மட்டும் அதன் பின்னால் ஒருவர் போவார்.

வீடு வாங்கியது என் மனுசிக்காக. அவள் பல வருசமாக இன்னொருத்தியின் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சம்பளத்துக்கு நின்று, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குத் துடைத்தவள். சொந்த வீட்டிலேயே ஒரு சின்னக் கார்டெரி தொடங்கி, நாலைந்து குழந்தைகளைப் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. இந்த வீட்டின் நிலக்கீழ் அறைக்குப் பெரிய யன்னல்கள்; பின்னால் வேலியடைத்த வளவு. வீடு பார்க்கப் போன அன்றே எந்த மூலையில் எந்தக் கட்டில் என்று சொல்லிவிட்டாள். அதற்கான படிப்பை முடித்தாள், முதலுதவி பழகினாள், பழைய இடத்துத் தாய்மார் இரண்டு பேர் பிள்ளைகளைக் கொண்டு வருவதாகவும் சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்து, வீடு குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதா என்று பார்த்து, சரி என்று சொல்லவேண்டும்.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்று வீட்டில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்கும் அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குவது என் வேலை. ஒரு நாள் தேநீர் நேரத்தில், சும்மா இருக்கமாட்டாமல், எங்கள் ஊரில் குற்றங்கள் எப்படி என்று போனில் தட்டிப் பார்த்தேன். ஒரு படம் வந்தது. அதில் ஒரு சிவப்பு அம்புக்குறி மேல்நோக்கி நின்றது. அதற்கு மேல் நான் எதையும் வாசிக்கவில்லை. வாசிக்க என்ன இருக்கிறது, அம்பு மேலே போகிறது.

பின்னேரம் மகளிடம் காட்டினேன். அவள் கல்லூரியில் கணக்குப் படிக்கிறவள்.

“அப்பா, இது சின்ன ஊர். ஒரு சைக்கிள் கூடக் களவு போனாலே அம்பு மேலே போயிடும்.”

“அந்தச் சைக்கிள் எங்கடை சைக்கிளா இருந்தா?”

“எங்களிட்டைச் சைக்கிளே இல்லையே.”

படித்த பிள்ளைகளோடு கதைத்துப் பயனில்லை. நான் ஊர்க்காரர்களின் இணையக் குழுவில் சேர்ந்தேன். அங்கே என்னைப்போல விசயம் விளங்கிய ஆட்கள் இருந்தார்கள். ஒருவருடைய குப்பைத்தொட்டியை யாரோ திருப்பி வைத்திருந்தார்கள். இன்னொருவர் வீட்டு முன்னால் ஒரு வான் வந்து நின்று, பேந்து போய்விட்டது. ஓர் அம்மாவின் பூந்தோட்டத்துக் களிமண் தவளையைக் காணவில்லை. தவளைக்குக் கீழே நாற்பது பேர் வந்து கவலைப்பட்டிருந்தார்கள். மொன்ட்ரியால்-நோரில் ஒருவனுடைய காரே காணாமல் போனபோது, “நல்லா உறுதியா இஞ்சைதான் விட்டனீரோ?” என்று கேட்டுவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம். இங்கே தவளை போனதற்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலையைத் தொடங்கினேன். நிலக்கீழ் அறை யன்னல்களை நீள ஆணி முடுக்கித் திறக்க முடியாமல் செய்தேன். தண்ணீர் விசிறும் போத்தலில் மிளகாய்த்தூளைக் கரைத்து முன்கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒருமுறை சோதித்துப் பார்த்ததில் காற்று என் பக்கம் அடித்தது. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் சப்பாத்து யோசனை வந்தது. பழைய அடுக்குமாடியில் ஒவ்வொரு தமிழ் வீட்டு வாசலிலும் சப்பாத்துக் குவியல் கிடக்கும். படியேறி வரும்போதே, உள்ளே எத்தனை பேர், ஆம்பிளையளா பொம்பிளையளா, வந்திருப்பது உறவா கடன்காரனா என்று வாசலைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்த ஊரில் எங்கள் வாசலில் கிடந்தது என் பனிச் சப்பாத்து ஒரு சோடி மட்டும், அதுவும் சின்ன அளவு. உள்ளே ஒரு கட்டை மனிதன் இருக்கிறான் என்று ஊருக்கே நான் எழுதி ஒட்டியதுபோல இருந்தது.

வேலையிடத்தில் மூத்த அண்ணை ஒருவரைப் பிடித்தேன். இன்னும் மொன்ட்ரியால்-நோரில் இருப்பவர்.

“அண்ணை, பொடியள் கழிச்ச வேலைச் சப்பாத்துகள் கிடந்தாச் சேர்த்துத் தாங்கோ. பெரிய அளவாப் பாத்து.”

“ஆருக்கடாப்பா?”

“ஆருக்குமில்லை. வாசல்லை வைக்க.”

அவர் தேநீரைக் கீழே வைத்தார். “அங்கை போய் ஏதும் புதுச் சமயத்திலை சேந்திட்டியோ?”

“கள்ளர் பயம் அண்ணை.”

“நான் இருக்கிற இடத்திலை இருந்து ஓடிப்போய்க் கள்ளனுக்குப் பயப்பிடுறாய். உன்னை நினைச்சா எனக்கு எங்கடை ஊர்க் கள்ளரிலை மரியாதை வருது.”

ஆனாலும் தந்தார். முன்னால் இரும்பு வைத்த, யானைக்கால் அளவு வேலைச் சப்பாத்துகள், ஏழு சோடி. அவற்றை முன்வாசலில் கொஞ்சம் ஒழுங்கில்லாமல், களைத்து வந்த ஆம்பிளையள் கழற்றி எறிந்ததுபோலப் போட்டேன். மனுசி கதவைத் திறந்து பார்த்தாள்.

“என்னப்பா இது? பொம்மர் குண்டு போட, சனம் ஓடிவந்து ஒதுங்கின கோயில் மாதிரி இருக்கு.”

“கள்ளன் பாப்பான். உள்ளை ஏழு எருமையள் இருக்கெண்டு நினைப்பான்.”

“வெள்ளைக்காரக் கள்ளனுக்குச் சப்பாத்துப் பாத்து ஆள் எண்ணத் தெரியுமே? அது எங்கடை ஆக்களுக்குத்தான் தெரியும்.”

“அப்ப எங்கடை கள்ளர் வராயினம்.”

“இஞ்சை அந்த அம்மா பாக்க வர முதல் உதெல்லாம் போகவேணும். சொல்லிப்போட்டன்.”

சரி என்றேன். மார்கழியில் பனி கொட்டியதும் புதிய சிக்கல் வந்தது. சப்பாத்துகளின் மேல் பனி அப்படியே தொப்பி போலக் குந்தியிருந்தது. ஒருவரும் வெளியே போகவில்லை என்பது குருடனுக்கும் தெரியும். அதைவிட, தெருவிலிருந்து வாசல் வரை பஞ்சுபோலக் கிடந்த பனியில் ஒரு காலடி கிடையாது. ஏழு ஆம்பிளையள் பறந்தா வீட்டுக்கு வருகிறார்கள்?

அதனால் காலையில் வேலைக்குப் போக முதல் ஒவ்வொரு சோடியாகப் போட்டு நடக்கத் தொடங்கினேன். அதிலும் நுட்பம் உண்டு. வெளியே போகும் அடிகள் தெரியக்கூடாது. தெரிந்தால், ஆட்கள் போய்விட்டார்கள், வீடு காலி என்று ஆகிவிடும். ஆகையால் வாசலிலிருந்து தெரு வரை பின்பக்கமாக நடப்பேன். தெருவிலிருந்து முன்பக்கமாகத் திரும்பி வருவேன். இரண்டு தடமும் வீட்டை நோக்கியே இருக்கும். ஒரு சோடிச் சப்பாத்தில் இரண்டு ஆட்கள் லாபம். உண்மையில் நாங்கள் மூன்று பேரும் போவது வருவது கராஜ் பக்கத்தால். கணக்குப் பார்த்தால் அந்தப் பனிக்காலத்தில் என் வீட்டுக்குள் ஒரு பட்டாளம் போனது. ஒருவரும் திரும்பி வரவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா தனிய இருந்தா. கணவர் தவறிப் போய்விட்டார். காலையில் சமையலறை யன்னலில் கோப்பையோடு நிற்பா. நான் தலையாட்டுவேன், அவவும் தலையாட்டுவா. பின்பக்கமாக நடக்கிறவன் தலையாட்டுவது கஷ்டம். ஓரிரு முறை விழுந்தும் இருக்கிறேன்.

பங்குனியில், நல்ல புதுப்பனி விழுந்த ஒரு காலையில், அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அன்றைக்குப் போகவிருந்த வேறு வீடு தடைப்பட்டுவிட்டதாம், எங்கள் வீட்டுக்கு இப்போதே வரலாமா என்று கேட்டார்கள். எனக்கு விடுமுறை நாள். மனுசி “வீ, வீ” என்று பிரெஞ்சில் ஆமாம் சொல்லிவிட்டுப் போனை வைத்த கையோடு என்னைப் பார்த்தாள்.

“உங்கடை கூத்துகள் முழுக்க எடுங்கோ.”

ஓடினேன். மிளகாய்ப் போத்தலை வாசலிலிருந்து எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் நிலக்கீழ் அறைத் தட்டில் பொம்மைகளுக்குப் பின்னால் மறைத்தேன். யன்னலில் முடுக்கியதைக் கழற்றப் போனேன், ஆணித்தலை உருண்டு சுற்றியது. சப்பாத்துகள் என் நினைவுக்கே வரவில்லை. மூன்று மாதமாக ஒவ்வொரு காலையும் போட்டுக் கழற்றியதில் அவை எனக்கு வீட்டு ஆட்களாகிவிட்டன. அன்றைக்குக் காலையும் நடந்து முடித்திருந்தேன்.

வந்த அம்மா பிரெஞ்சுக்காரி, மெலிந்தவ, அவசரமில்லாதவ. முதலில் பொம்மைத் தட்டைப் பார்த்தா. போத்தலை எடுத்தா. மூடியைத் திறந்து மணந்து பார்த்தா. பிறகு நிறுத்தாமல் தும்மத் தொடங்கினா. மனுசி தண்ணீர் கொண்டு ஓடினாள். போகிற வழியில் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் போத்தல் முழுவதும் இருந்தது.

அடுத்தது யன்னல். “நெருப்புப் பிடித்தால் குழந்தைகளை எப்படி வெளியே எடுப்பீர்கள்?” என்று கேட்டா. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் பெட்டிகளைப் பற்றியது. “கழற்றுகிறேன் மதாம்” என்றேன்.

“இரண்டும் சரிசெய்யக்கூடியவை,” என்று சொல்லி, சிவந்த கண்ணைத் துடைத்தா. மனுசிக்கு மூச்சு வந்தது. “நான் உள்ளே வரும்போது பார்த்தது வேறு. இந்த வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்?”

“மூன்று பேர். நானும் இவரும் மகளும்.”

“வாசலில் எட்டு ஆண்களின் சப்பாத்துகள் இருக்கின்றன.” குரல் தணிவாகத்தான் இருந்தது. “இன்று காலை விழுந்த பனியில் நிறையப் பேர் உள்ளே வந்த அடிகள் இருக்கின்றன. ஒருவரும் வெளியே போகவில்லை. வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் பொலிசில் விசாரித்துத் தெளிவு எடுக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் எங்கே?”

மனுசி கதிரையில் இருந்துவிட்டாள். தமிழில், என்னைப் பாராமலே சொன்னாள்: “என்ரை கார்டெரி உங்கடை சப்பாத்துக்குள்ளை போச்சு.”

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் எழும்பி வீட்டைக் காட்டினேன். அலுமாரிகளைத் திறந்தேன். கட்டிலுக்குக் கீழே லைற் அடித்துக் காட்டினேன். சூடேற்றி அறைக்குள் நானே புகுந்து வெளியே வந்தேன். இல்லாத ஏழு பேரை இல்லை என்று காட்டுவது, இருக்கிற ஏழு பேரை ஒளிப்பதைவிடக் கஷ்டம். நான் தேடத் தேட அந்த அம்மாவுக்குச் சந்தேகம் கூடியது. கடைசியில் வாசலுக்குப் போனோம். மனுசி பின்னால் தலையில் கைவைத்து நிற்க, மகளும் வீட்டில் இல்லாத நேரத்தில், என் பாதி பிரெஞ்சில் கள்ளர், பயம், சப்பாத்து என்ற மூன்று சொல்லை மாற்றி மாற்றிச் சொன்னேன். கள்ளர்களுடைய சப்பாத்துகள் என்று அவவுக்கு விளங்கியிருக்கவேண்டும். ஓர் அடி பின்னால் போனா.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து, வெள்ளைக்கார அம்மா வீட்டு அங்கியோடும் கோப்பையோடும் பனியில் இறங்கி வந்தா.

“அந்தச் சப்பாத்துகளைப் பற்றியா?” என்று கேட்டா. அவவின் பிரெஞ்சு என்னுடையதைவிட நல்லது. “அவை எல்லாம் இவர்தான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பின்பக்கமாக நடப்பார். பனிக்காலம் முழுக்கப் பார்க்கிறேன். முதலில் மதச் சடங்கு என்று நினைத்து மரியாதையாக இருந்தேன். பிறகு ஒரு நாள் விழுந்தார். அப்போது அவர் சொன்னது எந்த மதத்திலும் இருக்காது.”

அலுவலக அம்மா என்னைப் பார்த்தா. “நடந்து காட்டுங்கள்.”

நடந்தேன். ஆகப் பெரிய சோடியைப் போட்டு, மூன்று பெண்களுக்கு முன்னால், தெரு வரை பின்பக்கமாகப் போய், முன்பக்கமாகத் திரும்பி வந்தேன். அவ குனிந்து, பழைய தடத்தையும் புதிய தடத்தையும் ஒத்துப் பார்த்தா. நிமிர்ந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தா, கண்ணில் தண்ணீர். இந்த முறை மிளகாயால் அல்ல.

“யன்னல் திறக்கவேண்டும். போத்தல் இந்த வீட்டிலேயே இருக்கக்கூடாது. சப்பாத்துகள் போகவேண்டும்,” என்று மனுசியிடம் சொன்னா. என்னைச் சுட்டி, “இவர்?” என்று கேட்டா.

“பகலில் டோர்வலில் வேலைக்கு நிற்பார் மதாம்,” என்றாள் மனுசி.

“நல்லது,” என்றா அவ.

வசந்தத்தில் கார்டெரி தொடங்கியது. சப்பாத்துகளைத் திருப்பிக் கொண்டுபோனபோது அண்ணை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்து, “உள்ளை ஆரும் இருக்கினமோ?” என்று கேட்டார்.

அடுத்த பனிக்காலம் முதல் பனி விழுந்த அன்று, வெள்ளைக்கார அம்மா எங்கள் கதவைத் தட்டினா. கையில் ஒரு கடதாசிப் பை. உள்ளே கபில நிறத்தில், புது நாடா கோத்த ஒரு சோடி ஆம்பிளைச் சப்பாத்து.

“என் கணவருடையவை,” என்றா. “போன வருசம் உங்கள் வாசலில் அவ்வளவு பேர் இருப்பதுபோல இருந்தது. நீங்கள் ஒருவர்தான் என்று தெரிந்தும் எனக்கு அது நன்றாக இருந்தது. எங்கள் வாசலுக்கும் ஒருமுறை நடந்துவிடுவீர்களா?”

மறுக்கிற வாய் எனக்கில்லை. இப்போது பனி விழும் காலைகளில் அவவின் வாசலிலிருந்து தெருவுக்குப் பின்பக்கமாக நடக்கிறேன். சப்பாத்து எனக்குப் பெரிது, குதி கழன்று கழன்று வரும். அவ யன்னலில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவா. கணவர் காலை அகட்டி நடக்கிறவராம். அகட்டுகிறேன். எங்கள் வீட்டு யன்னலில் குழந்தைகளின் முகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

போன கிழமை ஒரு தாய் பின்னேரம் மகனைக் கூட்டிப்போக வந்தவள், அவன் வீட்டில் பின்பக்கமாகவே நடக்கிறான், காலை வேறு அகட்டுகிறான், இது என்ன பழக்கம் என்று கேட்டாள்.

மனுசி என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். “அது பாதுகாப்புப் பயிற்சி,” என்று சொல்லிவிட்டு, பையனுக்குத் தொப்பியை மாட்டினாள்.